32 பேரில் 8 பேர்: தேசிய ஜாம்பூரிக்கு யாரை அழைத்துச் செல்வது, எப்படித் தயார் செய்வது?

கேள்வி, 6 அக்டோபர் 2025 (பட்டுக்கோட்டைப் பக்கத்து ஆசிரியை ஒருவர்)

எங்கள் பள்ளியில் சாரணியர் படை புதிது. 32 மாணவிகள், நான்கு அணிகள். நவம்பர் 23 முதல் 29 வரை லக்னோவில் நடக்கும் 19ஆவது தேசிய ஜாம்பூரிக்கு (நாடெங்கிலுமிருந்து சாரணர், சாரணியர் கூடும் பெருமுகாம்) எங்களுக்கு 8 இடம் கிடைத்திருக்கிறது. அணிவகுப்பு, நடனம், இந்தி, முடிச்சு என்று ஒவ்வொன்றிலும் கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தேர்ந்து ஓர் அணி அமைக்கலாம் என்கிறார் தலைமை ஆசிரியர். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. பயிற்சியை எதிலிருந்து தொடங்குவது?

6 அக்டோபர், இரவு

தேர்ந்தெடுப்பதிலிருந்தே தொடங்குங்கள், டீச்சர். கெட்டிக்காரப் பிள்ளைகளாகப் பொறுக்கி எடுக்க வேண்டாம். நான்கு அணிகளில் ஓர் அணியை அப்படியே, தலைவியும் துணைத்தலைவியுமாக அழைத்துப் போங்கள்.

ஆளுக்கொரு திறமை என்று எட்டுப் பேரைச் சேர்த்தால் எட்டுத் திறமைகள் வந்து சேரும், ஓர் அணி வந்து சேராது. யார் முதலில் எழுந்திருப்பது, யார் தண்ணீர் தூக்குவது, யாருக்கு இருட்டில் பயம், யார் கோபம் வந்தால் சாப்பிடாமல் படுத்துவிடுவாள் என்பதெல்லாம் ஓராண்டு கூடவே இருந்த பிள்ளைகளுக்குத்தான் தெரியும். ஜாம்பூரியில் அணிவகுப்பு ஒரு மணி நேரம், நடனம் பத்து நிமிடம். மீதி நேரம் முழுவதும் அவர்கள் சேர்ந்து வாழ வேண்டும்.

1907 ஆகஸ்டில் சாரணியத்தைத் தொடங்கிய பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவுக்கு இருபது சிறுவர்களை அழைத்துச் சென்றபோது முதலில் செய்த வேலையே அவர்களை அணிகளாகப் பிரித்ததுதான். ஓநாய், காளை, அண்டங்காக்கை, கர்லூ (ஒரு பறவை) என்று நான்கு அணிகள். பெரிய பள்ளிகளில் படித்த பணக்காரப் பிள்ளைகளும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே கூடாரத்தில் இருந்தார்கள். சாரணியம் முளைத்தது அங்கேதான். அந்த அடித்தளத்தை விட்டுவிட்டு மேடைக்கு ஏற்ற எட்டுப் பேரைத் தேடுவது எனக்குச் சம்மதமில்லை.

7 அக்டோபர்

கோவையிலிருந்து ஒரு முன்னாள் சாரணர் எழுதியிருக்கிறார்: "போட்டி என்று வந்தால் சிறந்தவர்கள்தானே போக வேண்டும்? ஒரே அணியை அனுப்பினால் மற்ற மூன்று அணிகளிலும் உள்ள திறமைசாலிகளுக்கு அநியாயம் இல்லையா?"

நியாயமான கேள்வி. ஆனால் ஜாம்பூரியில் பரிசுக்கு மட்டுமா போகிறோம்? நுழைவாயில் அமைப்பு, கண்காட்சி, கிராமிய நடனம், அணிவகுப்பு எல்லாவற்றையும் மாநில அணியாகத்தான் செய்கிறார்கள். அங்கே உங்கள் எட்டுப் பேர் பெரிய கூட்டத்தில் ஒரு பகுதி. அவர்கள் தனித்து நிற்பது தங்கள் கூடாரத்திலும் சாப்பாட்டு வரிசையிலும்தான்.

எந்த அணி என்பதை ஆசிரியர் தீர்மானிக்க வேண்டாம். அணித்தலைவிகள் கூடி முடிவெடுக்கும் மன்றக் கூட்டம் எதற்கு இருக்கிறது? நான்கு தலைவிகளும் உட்கார்ந்து பேசட்டும். எந்த அணி வருகையில் ஒழுங்கு, எந்த அணி பள்ளி முகாமில் தானே சமைத்துச் சாப்பிட்டது என்று அவர்களே சொல்வார்கள். எங்கள் பள்ளியில் அப்படித்தான் முடிவானது. தோற்ற மூன்று தலைவிகளும் மறுநாள் வந்து கயிறு திரித்துக் கொடுத்தார்கள்.

11 அக்டோபர்

பட்டுக்கோட்டை டீச்சர் மறுபடி கேட்கிறார்: "ஓர் அணியில் இரண்டு பேர் வீட்டில் அனுப்ப மாட்டேன் என்கிறார்கள். அப்போது?"

அப்போது அடுத்த அணியிலிருந்து இரண்டு பேரைச் சேர்க்கலாம். தலைவியும் துணைத்தலைவியும் மட்டும் மாறக் கூடாது. புதிதாக வருகிற இருவரும் இன்றிலிருந்தே அந்த அணியோடு உட்கார்ந்து சாப்பிடட்டும்.

அதற்கு முன் அந்த இரண்டு வீட்டுக்கும் ஒருமுறை நேரில் போய்விட்டு வாருங்கள். கடிதமும் கைப்பேசிக் குறுஞ்செய்தியும் அங்கே எடுபடாது. எங்கள் ஊரில் ஒரு பெண்ணின் பாட்டி கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ராத்திரி அவள் எங்கே படுப்பாள், பக்கத்தில் யார் படுப்பார்கள்?" காகிதம் எடுத்து, கூடாரத்தை வரைந்து, இங்கே இவள், இங்கே அவள், வாசலோரம் தலைவி, அடுத்த கூடாரத்தில் நான் என்று காட்டினேன். பாட்டி அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பிள்ளை வந்தாள்.

12 அக்டோபர்

ஒரு தந்தை எழுதியது: "2023இல் கொரியாவில் நடந்ததைப் படித்தேன். பெரிய கூட்டம் என்றாலே பயமாக இருக்கிறது."

பயம் நியாயமானது, ஐயா. அது உலக ஜாம்பூரி. ஆகஸ்டில், கடலைத் தூர்த்து உருவாக்கிய சேமாங்கும் என்ற இடத்தில் நடந்தது. ஏறக்குறைய 43,000 பேர். மர நிழல் கிடையாது, கடும் வெயில், கழிப்பறையிலும் சுகாதாரத்திலும் குறை. பிரிட்டிஷ், அமெரிக்கக் குழுக்கள் பாதியிலேயே வெளியேறின. பிறகு புயல் வருகிறது என்று எல்லோரையும் வேறு இடங்களுக்குக் கொண்டுபோனார்கள்.

அதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான்: இடத்தை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, ஏற்பாட்டையும் நாம் செய்வதில்லை. ஆனால் எட்டுப் பேருக்கும் தண்ணீர், தொப்பி, உப்புச்சர்க்கரைக் கரைசல், யாருக்கு என்ன ஒவ்வாமை என்ற பட்டியல் ஆகியவை நம் கையில் இருக்கின்றன. அதில் குறை வைக்கக் கூடாது.

லக்னோவில் நவம்பர் கடைசியில் வெயில் தொல்லை இல்லை. பகல் இதமாக இருக்கும். இரவும் விடியற்காலையும்தான் நம் பிள்ளைகளுக்குச் சோதனை.

12 அக்டோபர், மாலை

குளிரைப் பற்றித் தனியாகச் சொல்லிவிடுகிறேன். 2023 ஜனவரியில் ராஜஸ்தானின் பாலி மாவட்டத்தில் ரோகட்டில் நடந்த 18ஆவது ஜாம்பூரிக்குப் போனபோது பெற்றோர்கள் எல்லோரும் மொத்தமான கம்பளியாகப் பார்த்து வாங்கிக் கொடுத்திருந்தார்கள். எல்லாமே மேலே போர்த்திக்கொள்ள. கீழே ஒரு பெட்ஷீட். குளிர் தரையிலிருந்துதான் ஏறுகிறது என்பதை அந்த முதல் இரவில் பிள்ளைகளே கண்டுபிடித்துவிட்டார்கள். அணித்தலைவி எழுந்து, எல்லோருடைய கம்பளியிலும் பாதியைக் கீழே விரிக்கச் சொல்லி, மீதியை இருவருக்கு ஒன்றாகப் பங்கிட்டாள். நான் அடுத்த கூடாரத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே போகவில்லை, போக வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

தார்ப்பாய், அதன் மேல் பழைய செய்தித்தாள்கள், அதன் மேல் ஜமுக்காளம். அதற்குப் பிறகுதான் போர்வை. படுக்கும்போது காய்ந்த காலுறை போட்டுக்கொள்ள வேண்டும். பகலெல்லாம் போட்டு வியர்த்த காலுறையோடு படுத்தால் கால் சூடாகவே ஆகாது. காதை மூடும் குல்லா கட்டாயம். ஒரே தடித்த ஸ்வெட்டரைவிட இரண்டு மெல்லிய சட்டை மேல். பகலில் ஒன்றைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

18 அக்டோபர்

முகாம் கலை பற்றிக் கேட்டவருக்கு.

மழைக்காலம் தொடங்கிவிட்டது என்று வருந்த வேண்டாம். கூடாரம் போட்டுப் பழக இதைவிட நல்ல காலம் கிடையாது. பள்ளி மைதானத்தில் ஈர மண்ணில் முளைக்குச்சி எப்படிப் பிடுங்கிக்கொள்கிறது, எந்தக் கோணத்தில் அடித்தால் நிற்கிறது என்று இப்போது தெரிந்துகொண்டால் அங்கே திணற வேண்டியதில்லை. கூடாரத்திலிருந்து விலகும் திசையில் குச்சியின் தலை சாய்ந்திருக்க வேண்டும். கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருமுறை போடச் சொல்லுங்கள். ரயில் தாமதமாகி இரவில் போய் இறங்கினால் அந்தப் பயிற்சி கைகொடுக்கும்.

இரண்டு மூங்கிலைச் சேர்த்துக் கட்டும் கட்டு: கிளவ் ஹிட்ச் என்ற முடிச்சைப் போட்டுத் தொடங்கி, மூன்று சுற்று, நடுவில் இரண்டு இறுக்கச் சுற்று, மறு மூங்கிலில் கிளவ் ஹிட்ச் போட்டு முடிப்பது. எல்லோருக்கும் பாடமாக வரும். ஆனால் இறுக்குவதற்குக் கை வலு வேண்டும். ஒருத்தி கயிற்றை இழுக்கும்போது இன்னொருத்தி மூங்கிலைக் காலால் மிதித்துப் பிடிக்க வேண்டும். இந்த ஜோடிப் பழக்கம் தனித்தனியாக முடிச்சுத் தேர்வு வைத்தால் வராது. ஷூ அடுக்கு, தட்டு கவிழ்க்கும் மேடை, கைகழுவும் முக்காலி என்று தினமும் பயன்படும் பொருளாகக் கட்டச் சொல்லுங்கள். தட்டின் கனத்தைத் தாங்காமல் சாய்ந்தால் எந்த முடிச்சு தளர்ந்தது என்று அவர்களே பார்ப்பார்கள்.

19 அக்டோபர்

மேலே கயிறு பற்றி எழுதியதற்குத் தொடர்ச்சி. கூடாரத்தை இழுத்துக் கட்டும் பருத்திக் கயிறும் சணல் கயிறும் பனியில் நனைந்தால் சுருங்கி இறுகும், முளைக்குச்சியைப் பிடுங்கிவிடும். படுக்கப் போகுமுன் சற்றே தளர்த்த வேண்டும். நைலான் கயிறு என்றால் நேர்மாறு, நனைந்தால் தொய்யும். காலையில் எழுந்து இறுக்க வேண்டும். உங்களிடம் எந்தக் கயிறு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு பழக்குங்கள்.

நாளை தீபாவளி. பயிற்சிக்கு விடுமுறை விட்டுவிடுங்கள். வருகிறவர்கள் பலகாரம் கொண்டு வரட்டும்.

25 அக்டோபர்

இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதத்தான் வேண்டும்.

பெண் பிள்ளைகள் முகாமில் தண்ணீர் குடிப்பதில்லை. கழிப்பறை தூரம், வரிசை நீளம், இருட்டு, பக்கத்தில் தெரியாத ஆட்கள். அதனால் குடிக்காமலே இருந்துவிடுகிறார்கள். மூன்றாம் நாள் தலைவலி, நீர்க்கடுப்பு, அணிவகுப்பில் மயக்கம். இதை நான் வெயில் காலத்திலும் பார்த்திருக்கிறேன், குளிர்காலத்திலும் பார்த்திருக்கிறேன். குளிரில் தாகமே எடுக்காது என்பதால் இன்னும் மோசம்.

"தண்ணீர் குடி, தண்ணீர் குடி" என்று சொல்லிக்கொண்டே இருப்பதால் பயனில்லை. கழிப்பறைக்குப் போவதை எளிதாக்க வேண்டும். எங்கள் அணியில் ஒரு வழக்கம்: யாரும் தனியாகப் போவதில்லை, மூன்று பேராகத்தான். ஒருத்தி கேட்டால் மறுபேச்சு இல்லாமல் இருவர் எழுந்திருக்க வேண்டும், நள்ளிரவானாலும். முணுமுணுத்தால் மறுநாள் பாத்திரம் தேய்க்கும் வேலை அவளுக்கு. டார்ச், ஒரு குவளை, சோப்புத்துண்டு, காகிதம் எல்லாம் ஒரு துணிப்பையில் கூடார வாசலில் தொங்கும்.

மாதவிடாய்க்கு வேண்டியதை எட்டுப் பேர் பையிலும் வையுங்கள், இன்னும் பருவமெய்தாதவள் பையிலும். பயணக் களைப்பில் தேதி மாறும். முதல்முறையாக அங்கேயே வந்துவிடுவதும் உண்டு. புறப்படுவதற்கு முன் ஒரு மாலையில் எல்லோரையும் உட்காரவைத்து வெளிப்படையாகப் பேசுங்கள். கறை பட்டால் சீருடையை எங்கே, எப்படி அலசுவது என்பது வரை. வெட்கப்பட்டு மறைக்கிற பிள்ளைதான் காய்ச்சலோடு கிடக்கிறாள்.

ஆண் பிள்ளைகளை அழைத்துப் போகிற ஆசிரியர்களுக்கும் இதில் பாதி பொருந்தும். அவர்களும் காலைக்கடனை அடக்கிக்கொண்டு வயிற்று வலியில் படுக்கிறார்கள். கேட்டால் சொல்ல மாட்டார்கள்.

26 அக்டோபர்

"சாப்பாடு?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

சப்பாத்தியும் பருப்பும் தொடர்ந்து வரும். அதைச் சாப்பிடப் பழக்குங்கள். மதிய உணவு வேளையில் வாரம் இரண்டு நாள் சப்பாத்தி கொண்டுவரச் சொன்னாலே போதும். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், எலுமிச்சை ஊறுகாய் அணிக்கு ஒரு டப்பா. ஆளுக்கு ஒரு டப்பா வேண்டாம், பையின் கனம் ஏறிவிடும். ஏறக்குறைய இரண்டு நாள் ரயில் பயணத்துக்கு முதல் நாள் இட்லிக்கு மிளகாய்ப்பொடி தடவி எடுத்துக்கொள்ளலாம், இரண்டாம் நாளுக்குப் புளிச்சோறு தாங்கும். தயிர்ச்சாதம் தாங்காது.

பிற மாநிலப் பிள்ளைகளுக்குக் கொடுக்க என்ன கொண்டுபோவது என்று கேட்டிருந்தார்கள். கோவில்பட்டிக் கடலைமிட்டாய். உடையாது, ஊசாது, எல்லோருக்கும் பிடிக்கிறது. பனையோலையில் சின்னக் கிலுகிலுப்பையோ பெட்டியோ பிள்ளைகளே முடைந்தால் இன்னும் நல்லது. அதை எப்படிச் செய்வது என்று அங்கே உட்கார்ந்து காட்டும்போது மொழி தெரியாத பிள்ளைகளும் சுற்றி உட்கார்ந்துவிடுகிறார்கள்.

2 நவம்பர்

நடனம். கரகம் வேண்டாம் என்பது என் கருத்து. அந்தச் சாமான்களை ரயிலில் காப்பாற்றவே ஒருத்தி வேண்டும். ஒயிலாட்டத்துக்குச் சலங்கையும் ஒரு துணியும் போதும். கும்மிக்கு அதுவும் வேண்டாம். சிலம்பம் தெரிந்த பிள்ளை இருந்தால் சாரணக் கைத்தடியையே எடுத்துச் சுற்றலாம். மணப்பாறையில் இந்த ஆண்டு ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை நடந்த வைர விழாப் பெருந்திரளணியில் (அதுவும் ஒரு ஜாம்பூரிதான்) ஒரு பெண் அப்படித்தான் சுற்றினாள். பக்கத்துக் கூடாரத்து வடமாநிலப் பிள்ளைகள் மறுநாள் காலையிலேயே கைத்தடியோடு வந்து நின்றுவிட்டார்கள். மேடை ஏறாத நிகழ்ச்சி அது.

அணிவகுப்புக்குப் பயிற்சி கொடுக்கும்போது நிற்பதற்கும் பயிற்சி கொடுங்கள். பெரிய தலைவர்கள் வரும் நாளில் முன்கூட்டியே போய் அமர வேண்டியிருக்கும். ரோகட்டில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்முவே வந்து தொடங்கி வைத்தார். அன்றைக்குக் காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டு, கழிப்பறை போய்விட்டு, சட்டைப்பையில் கடலைமிட்டாயோடு போக வேண்டும். முழங்காலை விறைப்பாகப் பூட்டி நின்றால் மயக்கம் வரும். விரல்களை ஷூவுக்குள் அசைத்துக்கொண்டே நிற்கச் சொல்லுங்கள்.

7 நவம்பர்

இன்று பாரத சாரண சாரணியர் இயக்கம் தொடங்கி 75 ஆண்டுகள். 1950 நவம்பர் 7. அதற்கும் முன்பே, 1916இல், சென்னையில் அன்னி பெசன்ட் இந்தியப் பிள்ளைகளுக்கென்று தனிச் சாரண அமைப்பைத் தொடங்கினார். ஆங்கிலேயப் பிள்ளைகளுக்கு இருந்த இடம் நம் பிள்ளைகளுக்கு இல்லாத காலம் அது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து "அப்போது அவர்களுக்கு ஸ்கார்ஃப் யார் கொடுத்தார்கள்?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடித்திருந்தது.

சாரணர் இயக்கத்தின் இந்தி வழிபாட்டுப் பாடல் பற்றி ஒரு சொல். 90 விநாடியில் முடிய வேண்டும் என்பதற்காகப் பிள்ளைகள் விழுங்கி விழுங்கிப் பாடுகிறார்கள். ஒவ்வொரு வரிக்கும் பொருள் சொல்லிக்கொடுத்தால் தானாகவே உச்சரிப்பு திருந்துகிறது, நேரமும் சரியாக வருகிறது. மனப்பாடம் செய்த இந்தியில் கடவுளிடம் என்ன கேட்கிறோம் என்று தெரியாமல் ஒரு பிள்ளையும் கைகூப்பி நிற்கக் கூடாது.

15 நவம்பர்

இனிப் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்காதீர்கள். பையை அடுக்கச் சொல்லுங்கள். அம்மா அடுக்கக் கூடாது. அம்மா அடுக்கிய பையில் காலுறை எங்கே என்று பிள்ளைக்குத் தெரியாது. அடுக்கிய பையை முதுகில் மாட்டிக்கொண்டு பள்ளியிலிருந்து பேருந்து நிலையம் வரை நடந்துவிட்டு வரட்டும். திரும்பி வந்ததும் பாதி சாமான் தானாக வெளியே வரும்.

கைப்பேசி வேண்டாம் என்பவர்களோடு நான் உடன்படவில்லை. அணிக்கு ஒன்று, தலைவி கையில். வீட்டுக்கு எந்நேரம் பேசலாம் என்பதை இப்போதே பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள். படுக்கப் போகும் நேரத்தில் மட்டும் வேண்டாம். அம்மா குரலைக் கேட்டுவிட்டு இருட்டில் படுக்கிற பிள்ளை அழும், அடுத்தவளும் அழுவாள். மதியம் சாப்பிட்ட பிறகு பேசினால் கதை கதையாகச் சொல்வாள்.

17 நவம்பர்

"நான் உடன் போகிறேன், ஆனால் எல்லாவற்றையும் தலைவியிடம் விட்டால் பொறுப்பில்லாத ஆசிரியை என்று சொல்லிவிட மாட்டார்களா?" என்று பட்டுக்கோட்டை டீச்சர் தனியாகக் கேட்டிருந்தார், இங்கே பதில் சொல்ல அனுமதி தந்தார்.

மருந்து, பணம், பயணச்சீட்டு, மருத்துவர், எண்ணிக்கை இவை ஐந்தும் உங்கள் கையில். மற்றதெல்லாம் அவள் கையில். சோறு குழைந்தால் குழைந்த சோறுதான் சாப்பாடு. அவள் தவறாக வழி சொல்லிப் பத்து நிமிடம் சுற்றினால் சுற்றட்டும், நீங்கள் பின்னால் நடந்து வாருங்கள். எட்டுப் பேரின் முன்னால் அவளைத் திருத்த வேண்டாம். தனியே அழைத்துச் சொல்லுங்கள். ஒருமுறை எல்லோர் முன்னிலையிலும் நீங்கள் அதட்டிவிட்டால் அதன் பிறகு ஏழு பேரும் அவளைத் தாண்டி உங்களிடமே வருவார்கள், ஊர் திரும்பும்வரை.

போய் வாருங்கள், டீச்சர். நல்ல பிள்ளைகள் அவர்கள்.

4 டிசம்பர்

எட்டுப் பேரும் நலமாகத் திரும்பிவிட்டார்கள் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. நான்காம் நாள் தலைவிக்குக் காய்ச்சல் வந்து துணைத்தலைவி அணியை நடத்தினாள் என்று எழுதியிருந்தீர்கள். ஓராண்டு பக்கத்தில் இருந்து பார்த்தவள் என்பதால்தான் அது முடிந்தது.

"இனி அந்த எட்டுப் பேரை மற்ற மூன்று அணிகளுக்கும் பிரித்து அனுப்பலாமா?" என்ற கேள்விக்கு: வேண்டாம். அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் பள்ளி மைதானத்தில் இரண்டு இரவு முகாம் போடுங்கள். அழைப்பவர்கள் அந்த எட்டுப் பேர். விருந்தாளிகள் மற்ற இருபத்துநான்கு பேர். தரையில் செய்தித்தாள் விரிப்பதிலிருந்து கழிப்பறைப் பை தொங்கவிடுவது வரை அவர்கள் சொல்லிக்கொடுக்கட்டும்.

அதற்கு முன் கூடாரத்தை எடுத்து ஒரு நல்ல வெயில் நாளில் முழுவதுமாக உலர்த்திவிடுங்கள். பனி ஈரத்தோடு மடித்துக் கொண்டுவந்திருப்பார்கள், அப்படியே அறையில் போட்டால் பூஞ்சை பிடித்துவிடும். முளைக்குச்சிகளையும் எண்ணிப் பார்த்துவிடுங்கள். குறைந்தால் ஊர்த் தச்சரிடம் வேலமரக் குச்சியாகச் சீவி வாங்கிக்கொள்ளலாம்.